'மலிவு விலை' குடும்ப இன்சூரன்ஸ்: அமெரிக்காவில் வேலை இழந்தவர்கள் கவனத்துக்கு

வேலை போய், குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் தேடுகிறவர்கள் இணையத்தில் கண்ட படிவத்திலெல்லாம் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் அழைப்பு வரும். அதில்தான் ஆபத்து.

நாங்கள் டாலஸ் பக்கம். 2025 ஆகஸ்டில் லேஆஃப். மாதக் கடைசியோடு கம்பெனி இன்சூரன்ஸும் முடிந்தது. அதையே கோப்ராவில் (வேலை போன பிறகும் கம்பெனி இன்சூரன்ஸை நம் செலவில் தொடர வழிசெய்யும் சட்டம்) தொடர மாதம் 2,290 டாலர் என்று கடிதம் வந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தோம். இல்லை. அந்த ஆண்டு கம்பெனி வழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரிச் செலவே வருஷத்துக்கு 26,993 டாலர். வேலையில் இருக்கும்வரை பெரும்பகுதியைக் கம்பெனி கட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. கோப்ராவில் முழுத் தொகையும், அதற்கு மேல் 2 சதவீதமும் நம் தலையில்.

மாதம் 640 டாலர் போதும், பிபிஓ (விரும்பிய டாக்டரிடம் போகலாம் என்ற வகை), டிடக்டபிளே (இன்சூரன்ஸ் தருமுன் நாம் கட்ட வேண்டிய தொகை) கிடையாது என்றார் போனில் வந்த ஏஜென்ட். தேன் ஒழுகும் பேச்சு. விவரங்களை மெயிலில் கேட்டால், பணம் கட்டிய பிறகுதான் வருமாம். அப்புறம் சொன்னார்: "இப்போது உங்கள் குரலைப் பதிவு செய்வார்கள். எல்லாவற்றுக்கும் 'யெஸ்' மட்டும் சொல்லுங்கள் சார். நடுவில் கேள்வி கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்." இது முழு மருத்துவக் காப்பீடு அல்ல என்ற வாசகத்தை அந்தப் பதிவில்தான் கடகடவென்று வாசித்துத் தள்ளுகிறார்கள்.

நம்பி வாங்கிவிட்டோம். அக்டோபரில் மகளுக்கு அப்பெண்டிக்ஸ். பில் 38,000 டாலருக்கு மேல். இவர்கள் தந்தது நாளுக்கு 500, ஆபரேஷனுக்கு 1,000. ஃபிக்ஸட் இண்டெம்னிட்டி என்ற வகை இது. பில் எவ்வளவானாலும் எழுதி வைத்த தொகைதான். மெயின் இன்சூரன்ஸுக்குத் துணையாக வாங்க வேண்டியதை முழுக் காப்பீடு என்று விற்பதுதான் மோசடி.

ஆஸ்பத்திரி பில்லிங்கில் ஒரு பெண்மணி, "இன்னும் 60 நாள் ஆகவில்லையே, கோப்ரா எடுங்கள்" என்றார். பழைய காப்பீடு முடிந்து 60 நாளுக்குள் கேட்டால், முடிந்த தேதியிலிருந்தே அது செல்லும். முதல் பிரீமியம் கட்ட மேலும் 45 நாள் தருகிறார்கள். பாக்கியைக் கட்டினோம், ஆஸ்பத்திரி பில்லை அங்கே அனுப்பியது. டிடக்டபிள் மட்டும் கையைக் கடித்தது.

கோப்ரா கட்டுப்படியாகாதவர்கள் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அரசுத் தளத்துக்கு (இதுதான் மார்க்கெட்பிளேஸ்) நேரே போங்கள். அதிலும் வேலைக் காப்பீடு போய் 60 நாளுக்குள் சேரலாம். பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது, வருமானத்தைப் பொறுத்து மானியமும் உண்டு. போனில் விற்பவரிடம், வருஷத்தில் குடும்பம் கைக்காசு கட்டுவதற்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். மார்க்கெட்பிளேஸ் திட்டங்களில் 2025-ல் அது அதிகபட்சம் 18,400 டாலர். இந்த மாதிரி ஆட்கள் பேச்சை மாற்றுவார்கள்.

கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை. ஏஜென்ட் நம்பர் உபயோகத்தில் இல்லை. டெக்ஸாஸ் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். கிரெடிட் கார்டையும் மாற்றிவிட்டோம், இல்லாவிட்டால் மாதாமாதம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.