16 ஹிட் பாயின்ட் டிராகன்: இரண்டரை வருடம் ஆடிய அனுபவம்

ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் கதை நடத்தும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆட உட்காருகிறவர்கள் என்றாவது ஒரு டிராகனைக் கொல்ல வேண்டும் என்று நினைப்பார்கள். எனக்கு டிராகனாகவே ஆட வேண்டும். கேட்டதும் எங்கள் டி.எம். (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) காட்டியது டிராகன்பார்ன் இனத்தை. 2008-ல் நான்காம் பதிப்பின் முதல் கையேட்டிலேயே இடம்பிடித்த இனம். இரண்டு காலில் நடக்கும், இறக்கை கிடையாது. நாங்கள் ஆடும் 2014-ஆம் ஆண்டு விதிகளில் முதல் லெவலில் இரண்டே இரண்டு பகடைக்கு நெருப்பு ஊதும் (பகடையில் விழும் எண்தான் எதிரிக்குச் சேதம்), அப்புறம் ஓய்வெடுத்தால்தான் மறுபடி ஊத முடியும். பல்லி முகமூடி போட்ட மனிதன் மாதிரி இருந்தது எனக்கு. அடம் பிடித்தேன். கடைசியில் ஒரு பித்தளை டிராகன் குஞ்சை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பித்தளை டிராகன்களுக்குப் பேச்சுதான் உயிர். எதிரியைக்கூட முதலில் உட்கார வைத்துப் பேசும். இரண்டாவது செஷனுக்குள் என் கேரக்டருக்கு ஓட்டைவாய் என்று பெயர் விழுந்துவிட்டது.

குஞ்சின் கணக்கு இது: 16 ஹிட் பாயின்ட் (அடி விழ விழக் குறையும் உயிர்க் கணக்கு), 60 அடி பறக்கும் வேகம், 20 அடி நீளத்துக்கு நெருப்பு. நெருப்புக்கு நான்கு ஆறுமுகப் பகடை, சராசரி 14. இன்னொரு மூச்சு எதிரில் இருப்பவரைத் தூங்க வைக்கும். மற்றவர்கள் மூன்றாம் லெவலில் இருந்தார்கள். படித்தவுடன் நான்தான் இந்தக் கூட்டத்துக்கு ராஜா என்று நினைத்தேன். மூன்றாவது செஷனில் தெளிந்தது. 60 அடி உயரத்தில் பறந்தபடி ஒரு மந்திரவாதியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அவன் உறக்க மந்திரம் போட்டான். அதன் எல்லை 90 அடி. யாரிடம் ஹிட் பாயின்ட் குறைவோ அவர்தான் முதலில் தூங்குவார், எங்களில் அது நான்தான். தூங்க வைக்கிற டிராகன் நடு வானத்தில் தூங்கிப்போனது. 10 அடிக்கு ஒரு பகடை வீதம் ஆறு பகடை, விழுந்தது 19. நண்பர்கள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உயிர் தப்பியது எங்கள் பூசாரி ஓடி வந்ததால்.

அதன் பிறகுதான் ஆட்டம் சூடுபிடித்தது என்று இப்போது தோன்றுகிறது. கை இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டும். மருந்துக் குப்பியின் மூடியைத் திறக்க ஒருவர், பூட்டுக்கு ஒருவர். கவசம் வாங்கலாம் என்றால் மனித உடம்பு இல்லாத பிராணிக்கு நான்கு மடங்கு விலை, இரண்டு மடங்கு எடை. பறந்து போய் வேவு பார்ப்பேன், ஆனால் பார்த்ததை வரைபடமாக வரைய விரல் கிடையாது. வாயால் சொல்வேன், அவர்கள் தப்பாக வரைவார்கள்.

மூச்சு விதியை முதல் வாரத்திலேயே மாற்றிவிட்டோம். புத்தகத்தில் உள்ளபடி ஒவ்வொரு சுற்றிலும் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு திரும்பிவிடும். மூன்று நான்கு சுற்றில் சாகப்போகும் அரக்கனுக்கு எழுதிய விதி அது. வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும் கேரக்டருக்குக் கொடுத்தால், சண்டை இல்லாத நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதிக்கொண்டே இருக்கலாம். சிறு ஓய்வுக்கு ஒருமுறை என்று வைத்தோம். எல்ஃப் இனத்தாரை மந்திரத்தால் தூங்க வைக்க முடியாது, அவர்களிடம் தூக்க மூச்சு பலிக்குமா என்று அரை மணி நேரம் சண்டை போட்டதும் உண்டு. டிராகனின் மூச்சு மந்திரம் ஆகாது, அதனால் பலிக்கும்.

பெரிய தலைவலி வளர்ச்சிதான். விதிப்படி ஐந்து வயது வரை குஞ்சு, நூறு வயது வரை இளம் டிராகன். எங்கள் கதையோ எட்டு மாதத்தில் நடக்கிறது. தவிர, குஞ்சுக்கு 16 ஹிட் பாயின்ட், இளம் பித்தளை டிராகனுக்கு 110. நடுவில் படிக்கட்டு இல்லை. டி.எம். அந்த இடைவெளியை மூன்றாம் லெவலிலிருந்து பத்தாம் லெவல் வரை ஏழாகப் பிரித்தார். லெவலுக்குப் பதின்மூன்று பதினான்கு ஹிட் பாயின்ட், மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு பகடை. வயதுக்குப் பதிலாக ஒரு நிபந்தனையும் போட்டார்: புதையல் வளர்ந்தால்தான் நான் வளர்வேன்.

இந்த வருடங்களில் கிடைத்த நல்ல விதி அதுதான். டிராகன் வீட்டை விட்டு நகர விரும்பாத பிராணி, சாகசக்காரனோ ஓரிடத்தில் இருக்கமாட்டான். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு எங்கே போவது? 50 நாணயம் ஒரு பவுண்டு எடை. மூட்டை கனக்கக் கனக்க நான் கஞ்சனாகிக்கொண்டே போனேன்.

ஒருநாள் எங்கள் போர்வீரன் செத்துப்போனான். உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்கு 300 பொன் பெறுமான வைரம் வேண்டும், அதுவும் செத்த ஒரு நிமிடத்துக்குள். பூசாரியிடம் வைரம் தீர்ந்துபோயிருந்தது. என் கழுத்துப் பையில் ஒன்று இருந்தது. ஒரு நிமிடம் என்பது பத்து சுற்று. அதில் நான்கைப் பேரம் பேசியே கழித்தேன். ஓட்டைவாய் அப்படித்தான் செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் போர்வீரனாக ஆடுகிறவர் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய சாவு என் நகைச்சுவைக் காட்சியாகிவிட்டது. செஷன் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். டிராகனாக ஆட நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கதைக்குள் யார் வந்தாலும் அவர்கள் கண் முதலில் டிராகன் மேல்தான் போகும். நீங்கள் வாயைத் திறக்காமலே பாதி மேடை உங்களுடையது. அதில் பேச்சுக்காரனாக வேறு இருந்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள்தான். அதற்குப் பிறகு ஒரு காட்சியில் இரண்டு முறைக்கு மேல் முதலில் பேசுவதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பாதி நாள் மீறினேன்.

பத்தாம் லெவலில் ஆசைப்பட்டது கிடைத்தது. 110 ஹிட் பாயின்ட், 80 அடி பறப்பு, பன்னிரண்டு பகடை நெருப்பு. இரண்டே செஷனில் சலித்துவிட்டது. உடம்பு பெரிதானதால் ஐந்தடி அகலத் தாழ்வாரத்தில் நெருக்கிக்கொண்டுதான் நகர முடியும், கடித்தாலும் பிறாண்டினாலும் இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். ஒரு கோபுரத்துக்குள் அவர்கள் போக, நான் வெளியே ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு கிடந்தேன். மூன்று மணி நேரத்தில் இரண்டு முறைதான் பகடை உருட்டினேன். வெளியில் நடக்கும் சண்டைகளோ இரண்டு சுற்றில் முடிந்தன. என் அளவுக்கு டி.எம். எதிரியைப் பெரிதாக்கினால் அதன் ஒரே அடியில் எங்கள் மந்திரவாதி காலி. 1994-ல் இதே விளையாட்டுக்கு, எல்லாருமே டிராகனாக ஆடும் பெட்டித் தொகுப்பு ஒன்று வந்தது. அதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மனித உருவம் எடுக்கும் திறமையை முன்கூட்டியே தரட்டுமா என்று டி.எம். கேட்டார். விதிப்படி அது எண்ணூறு வயது தாண்டிய பித்தளை டிராகனுக்குத்தான் உண்டு. வேண்டாம் என்றேன். மனிதனாக நடக்க வேண்டுமென்றால் முதல் நாளே டிராகன்பார்னை எடுத்திருப்பேனே.

இப்போது ஓட்டைவாய் டி.எம். கையில் இருக்கிறது, ஒரு குகையில் தன் புதையல் மேல் படுத்துக் கிடக்கிறது. நான் விரல்கள் உள்ள ஒரு திருடனாக ஆடுகிறேன். போன மாதம் பூசாரியே செத்துப்போனார். நல்லவேளை, சண்டை நடந்தது அந்தக் குகை வாசலில்தான். கூடவந்த இன்னொரு பூசாரிக்காக ஒரு வைரம் கேட்டு உள்ளே ஓடினேன். டி.எம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உட்கார் தம்பி, முதலில் கொஞ்சம் பேசுவோம் என்றார். பத்து சுற்றில் ஆறு போய்விட்டது.