தி.நகரில் நடப்பவருக்கு என்ன கிடைத்தது? ஆகாய நடைபாதையும் பாண்டி பஜாரும் பாலமும்

தியாகராய நகரின் நெரிசலைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஆறேழு ஆண்டுகளாக ஏதாவது கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எது கட்டினாலும் வியாபாரிகள் ஒரு பக்கம், கார்காரர்கள் ஒரு பக்கம், குடியிருப்போர் ஒரு பக்கம் என்று வாதம் எழும். நடந்து போகிறவர் சார்பில் பேச மட்டும் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அந்த நடக்கிறவர்கள் கணக்கில் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, அங்கிருந்து தி.நகர் பஸ் நிலையம் போய், தேனாம்பேட்டைப் பக்கம் அலுவலகம் செல்கிறேன். மாலையில் அவசரமில்லை. பாண்டி பஜார் என்று எல்லோரும் அழைக்கும் தியாகராய சாலை வழியாகவே நடந்து, பனகல் பூங்காவைச் சுற்றி, ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்து ஸ்டேஷன் சேர்கிறேன். காலையில் ஆகாய நடைபாதை, மாலையில் பாண்டி பஜார்.

முதலில் ஆகாய நடைபாதை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் இது 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், செலவு 28.45 கோடி ரூபாய். ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி தி.நகரில் கிடையாது என்று தயங்காமல் சொல்வேன். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, ஆட்டோ ஒலி இல்லை, காலடியில் தண்ணீர் தேங்கவில்லை. ஊரிலிருந்து பெட்டியும் கட்டைப்பையுமாக வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே இதன் அருமை தெரியும். முன்பெல்லாம் அவர்கள் ரங்கநாதன் தெருவில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பயணத்தின் இரண்டு முனைகளும் ரயிலும் பஸ்ஸுமாக இருந்தால்தான் இந்தப் பாராட்டு பொருந்தும். துணி எடுக்க வருகிறவருக்கு இது வேறு ஊர்ப் பாலம் போலத்தான். கடைக்கு வந்தவர் கடைக்குள் நுழைய வேண்டும். அதற்கு மேலே ஏறி, நடந்து, கீழே இறங்கி, மறுபடி திரும்பி வர யாரும் தயாரில்லை. லிப்டும் நகரும் படிக்கட்டும் இருக்கின்றன. இருந்தும் முழங்கால் வலிக்காரியான என் அத்தை ஒரே முறை வந்து பார்த்துவிட்டு, “ஏறி இறங்குகிற நேரத்தில் ரங்கநாதன் தெருவில் இரண்டு புடவை எடுத்துவிடலாம்” என்று கீழ்வழியே போய்விட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் தெரு நிரம்பி வழிந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே பாலம் வந்ததால் கீழே கூட்டம் குறைந்துவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் வீண். வாங்க வந்தவர் மேலே ஏறவே இல்லை. கூட்டத்தைக் குறைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதும் அதே காரணத்தால் பாதி உண்மைதான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: காலை எட்டரை மணிக்கு ரங்கநாதன் தெருவில் ஷட்டர்கள் இறங்கியிருக்கும், தெரு காலியாகத்தான் கிடக்கும். அந்த நேரத்தில் படியேறச் சோம்பலாக இருந்தால் கீழேயே தாராளமாக நடக்கலாம். மாலை நாலு மணிக்கு மேல் பஸ் நிலையத்துக்குப் போவதென்றால், எத்தனை படியானாலும் ஏறிவிடுங்கள்.

பாண்டி பஜார் விஷயம் வேறு. அங்கே நடப்பவரை மேலே ஏற்றவில்லை, தரையிலேயே இடம் கொடுத்தார்கள். பொலிவுறு நகரம் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாயில் தியாகராய சாலையின் நடைபாதைகளை அகலமாக்கி, உட்கார இருக்கைகள் போட்டு, 2019 நவம்பரில் திறந்தார்கள். ‘நடைபாதை வளாகம்’ என்ற பெயரைக் கேட்டு வண்டியே வராத தெரு என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நடுவில் வாகனங்கள் ஓடுகின்றன. எனக்கு அதில் குறையில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாம், எதிரே குழந்தை வண்டி வந்தால் ஒதுங்கிச் சாலையில் இறங்க வேண்டியதில்லை. சென்னையில் எத்தனை தெருக்களில் இது முடியும்? நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று மாநகராட்சி 2014-இலேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அந்தக் கொள்கை வெறும் காகிதமாக இல்லாமல் காலுக்குத் தட்டுப்படும் இடம் என்று நான் காட்டக்கூடியது இதுதான்.

ஆண்டுகள் போகப்போக அங்கே என்ன தேய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டிகள் ஏறாமல் இருக்க நடைபாதை ஓரத்தில் குட்டைத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே கார் நுழையாது, ஸ்கூட்டர் நுழையும். கைப்பிடியை லேசாக ஒடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, சறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். அந்த இடங்களில் தரைக்கல்லில் டயர் தடம் கருப்பாகப் படிந்திருக்கும், பார்த்தாலே தெரியும். கேட்டால் “இரண்டே நிமிடம் அக்கா” என்பார்கள். இரண்டு நிமிடத்தில் ஜூஸ் குடித்துவிட்டுப் போகிறவரும் உண்டு, மறைத்து வைக்க வேண்டிய நகையை வாங்குபவர் போல அரை மணி நேரம் ஆளே காணாமல் போகிறவரும் உண்டு. ஒரு வண்டி ஏறி நின்றால் அடுத்தது தானாக வந்து பக்கத்தில் நிற்கும். ஓரமாகக் கூடையோடு உட்காரும் பூக்காரம்மா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே முழம் போடுவார். “வண்டி நின்றுவிட்டால் என் கூடை யார் கண்ணில் படும்? நடந்து வருகிறவர்தான் பூ வாங்குவார், வண்டியில் வருகிறவர் ஹாரன்தான் அடிப்பார்” என்றார் ஒருநாள்.

அவர் சொன்னதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. நடைபாதையைக் காலி செய்ய வேண்டும் என்று 2013-இல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளைத் தனி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். நடப்பவருக்கு இடம் வேண்டும் என்பதுதான் அன்று சொன்ன காரணம். வளையலும் கிளிப்பும் விற்றவர்களை எழுப்பிக் கிடைத்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்த விடுவது எந்த வகை நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. நடைபாதையில் கடை இருந்தால் நான் நின்று பார்ப்பேன், ஸ்கூட்டர் இருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். எனக்கு எது இடைஞ்சல் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வண்டி நிறுத்த இடமில்லை என்ற வாதம் இன்னும் அடிபடுகிறது. தணிகாசலம் சாலையில் 200-க்கும் மேற்பட்ட கார்களையும் 500-க்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்களையும் நிறுத்தக்கூடிய பலஅடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து பாண்டி பஜாரின் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கடை வாசலில் நிறுத்தினால்தான் நிறுத்தியதாக அர்த்தம் என்று நம்மில் பலர் வைத்திருக்கிறோம். வாசலில் கார் நின்றால்தான் வாடிக்கையாளர் வருவார் என்று கடைக்காரரும் நம்புகிறார். சனிக்கிழமை மாலை அந்த நடைபாதையில் தோளோடு தோள் உரசிப் போகிற கூட்டத்தில் காரில் வந்தவர் எத்தனை பேர், ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவர் எத்தனை பேர் என்று வாசலில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தாலே போதும்.

தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரையான ஜெ. அன்பழகன் மேம்பாலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் அதன் கீழேதான் இருக்கிறேன். 1.2 கிலோமீட்டர் இரும்புப் பாலம், சுமார் 165 கோடி ரூபாய், 2025 செப்டம்பர் இறுதியில் திறந்தார்கள். பழைய உஸ்மான் சாலை மேம்பாலத்தோடு இணைந்துவிட்டதால் சைதாப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் சிக்னலில் நிற்காமல் பறக்கிறார்கள், அது உண்மை. என் சக ஊழியர் ஒருவர் காரில் போகிறவர், அவர் பாலத்தைப் புகழாத நாளில்லை. அவருக்கு வேலை தி.நகரில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலத்தின் செலவோடு ஆகாய நடைபாதையின் செலவையும் பாண்டி பஜாரின் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து பாலத்தின் பாதியைக்கூடத் தொடவில்லை. பாலத்தின் கீழே சாலையைக் கடக்க இன்றும் கையை நீட்டிக்கொண்டு, வண்டிக்காரரின் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் போகிறோம்.

பஸ்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என்னைப் போன்றவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் ஷேர் ஆட்டோவைத் தேடாமல் பஸ் நிலையம் நோக்கி நடப்பதற்கு முதல் காரணம் அதுதான், ஆகாய நடைபாதை அதற்கு அடுத்தது. 2025-இல் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம். வண்டி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்காகவே நான் அதை வைத்திருக்கிறேன். பாண்டி பஜாரில் இவ்வளவு செலவழித்தவர்கள் அங்கே பஸ் மட்டும் போக ஒரு தடத்தை ஒதுக்கியிருந்தால் பாதி வாதம் அன்றே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி வரப்போவது மெட்ரோ. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையான தடத்தில் பனகல் பூங்காவில் சுரங்க நிலையம் அமைகிறது. இப்போதைக்குப் பூங்காவைச் சுற்றித் தடுப்புகள்தான்; மாலையில் என் வழியில் மிக மோசமான பகுதியும் அதுவே. அந்த நிலையத்தின் வாசல்கள் நேராகத் தியாகராய சாலை நடைபாதையில் திறந்தால் பாண்டி பஜாரில் நடப்பவர் எண்ணிக்கை பல மடங்காகும். அதற்குள் தூண்களுக்கு நடுவே ஸ்கூட்டர் நுழையும் இடைவெளிகளை அடைத்தாக வேண்டும். சக்கர நாற்காலி போகும் அளவுக்கு மட்டும் சந்திப்புகளில் வழி விட்டால் போதும்.