டிஸ்க் நடத்தைப் பகுப்பாய்வு: தொழிற்சாலையில் ஓராண்டு பயன்படுத்திய பிறகு

வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் மேற்பார்வையாளர்களும் லைன் லீடர்களும் தர ஆய்வாளர்களுமாக 22 பேருக்கு, ஒரு பயிற்சி நிறுவனத்தின் வழியாக டிஸ்க் நடத்தைப் பகுப்பாய்வு நடத்தினோம். ஒருவருக்கு 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான கட்டணம். அதில் ஒரு வினாத்தாள், ஆளுக்கோர் அறிக்கை, இரண்டு நாள் பயிலரங்கு ஆகியவை அடங்கும். பயிலரங்கு முடிந்த அன்று எல்லோருக்கும் இருந்த உற்சாகம் தணிந்துவிட்ட நிலையில், எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்ல முடிகிறது.

டிஸ்க் (DISC) என்பது ஒருவருடைய நடத்தையை நான்கு இயல்புகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை; ஒவ்வோர் இயல்புக்கும் ஓர் ஆங்கில எழுத்து. டி என்பது முன்னின்று முடிவெடுக்கும் இயல்பு. ஐ என்பது பேசிப் பழகி ஆட்களை இணங்கவைக்கும் இயல்பு. எஸ் என்பது நிதானமும் ஒத்துழைப்பும். சி என்பது துல்லியமும் விதிமுறையும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் 1928இல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது இந்த நான்கு வகைப் பாகுபாடு. ஆனால் மார்ஸ்டன் இதற்கென வினாத்தாள் எதையும் உருவாக்கவில்லை. அதைப் பின்னாளில் வேறு சிலர் செய்தார்கள். இன்று பல நிறுவனங்கள் தத்தம் வடிவங்களை விற்பதால், டிஸ்க் என்ற பெயரில் கிடைப்பவை எல்லாம் ஒரே தரமானவை அல்ல.

எங்களுக்குத் தரப்பட்ட வினாத்தாளில் நான்கு நான்கு சொற்களாக 24 தொகுப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தமக்கு மிகவும் பொருந்தும் சொல் ஒன்றையும், சற்றும் பொருந்தாத சொல் ஒன்றையும் குறிக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான். தமிழ் வடிவம் இருந்தது என்பதில் மகிழ்ந்தேன். ஆனால் அதுவே முதல் குறையாகவும் ஆனது. மனத்தில் பட்டதை வெளிப்படையாகச் சொல்பவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்த சொல்லை, தமிழில் 'வாய்த்துடுக்கானவர்' என்று பெயர்த்திருந்தார்கள். தன்னைப் பற்றி அப்படி யார் குறிப்பார்கள்? உள்ளபடியே முகத்துக்கு நேராகப் பேசக்கூடிய இரண்டு பேர், அந்தச் சொல்லைத் தமக்குச் சற்றும் பொருந்தாதது என்று குறித்துவிட்டு, அறிக்கையில் சாந்த சொரூபிகளாக வெளிவந்தார்கள்.

இருந்தும், நன்மை ஒன்று நடந்ததை மறைக்க மாட்டேன். எங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளரோடு எனக்கு நெடுநாளாக ஒத்துப்போகவில்லை. எந்த வேலையைச் சொன்னாலும் நாலு கேள்வி கேட்பார், தாமதிப்பார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவருடைய அறிக்கையில் சி மேலோங்கியிருந்தது, என்னுடையதில் டி. பயிலரங்கில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இந்த வேறுபாட்டால் நேரும் சிக்கல் எதையாவது சொல்லுங்கள் என்றபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், நீங்க போற போக்குல சொல்லிட்டுப் போயிடறீங்க. எந்த மெஷின், எந்த ஷிப்ட்டுனு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா நான் பாத்துச் செஞ்சிடுவேன்." ஆறு ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்தும் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து எழுதிக் கொடுக்கிறேன். அவர் கேட்கும் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிட்டன. அறிக்கையில் உள்ள வரைபடத்தால் இது நடந்தது என்று நான் நம்பவில்லை. அந்தத் தாளைச் சாக்காக வைத்து இருவரும் பேசினோம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது.

மனம் கசந்த இடம் வேறு. சில மாதங்கள் கழித்து லைன் லீடர் பதவி ஒன்று காலியானபோது, மனிதவளப் பிரிவு இந்த அறிக்கைகளை எடுத்துவைத்து, தகுதியுள்ள பெண் தர ஆய்வாளர் ஒருவரை 'டி குறைவு' என்று ஒதுக்கியது. இரவு ஷிப்ட்டில் லீடர் வராத நாள்களில் அந்த லைனைத் தனியாளாக ஓட்டியவர் அவர். இந்த முறையைப் புரிந்துகொண்டிருந்தால் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். நான்கு சொற்களில் ஒன்றை முன்னே தள்ளினால் இன்னொன்று பின்னே போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே இத்தகைய வினாத்தாளில் கிடைக்கும் மதிப்பெண், ஒரே ஆளுக்குள் எந்த இயல்பு எதைக் காட்டிலும் மேலோங்கியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒருவருடைய மாதச் செலவில் வாடகைக்கு எத்தனை பங்கு, மளிகைக்கு எத்தனை பங்கு என்று தெரிந்தால், அவர் பக்கத்து வீட்டுக்காரரைவிட அதிகம் சம்பாதிக்கிறாரா என்று சொல்லிவிட முடியுமா? இரண்டு பேரின் டி அளவை அருகருகே வைத்துப் பதவிக்கு ஆள் பொறுக்குவதும் அப்படிப்பட்டதே. நான் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தேன். அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை என்றாலும், பதவி உயர்வுக் கோப்புகளிலிருந்து அறிக்கைகள் நீக்கப்பட்டன.

'அப்படியே என்னைப் பற்றி எழுதியிருக்கிறது' என்று பலர் வியந்ததையும் சான்றாகக் கொள்ளக் கூடாது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரணையை, அவரவருக்கென்றே எழுதியதுபோல் கொடுத்தார். தமக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் ஐந்துக்கு அளித்த சராசரி மதிப்பெண் 4.26.

குழுவுக்குள் பேச்சு நின்றுபோன இடத்தில் அதைத் தொடங்கிவைக்க இந்தச் சேவையை வாங்கலாம். வேலைக்கு எடுக்கவோ பதவி உயர்த்தவோ வாங்க வேண்டாம். வாங்குபவர்கள், தமிழ் வினாத்தாளைத் தொழிலாளர் நான்கைந்து பேரிடம் முன்கூட்டியே வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். அறிக்கை முதலில் அவரவர் கைக்குப் போக வேண்டும் என்றும், அவர் சம்மதமின்றி மேலாளரோ மனிதவளப் பிரிவோ அதைப் பார்க்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள்களில் ஒன்றரை நாள் விரிவுரையிலேயே கழிந்தது. இருவர் இருவராக உட்கார்ந்து பேசுவதற்கு எங்களுக்குக் கிடைத்தது கடைசி இரண்டு மணி நேரம் மட்டுமே. அடுத்த குழுவுக்கு அதை ஒரு முழு நாளாக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன்.