பிரிட்ஜிங் சீட் வாங்கித் தருகிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்: கனடா போக நினைக்கும் நர்ஸ்களுக்கு

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நர்ஸாக இருக்கும் பலருக்கு இப்போது கனடா ஆசை. எனக்கும் உண்டு, இன்னும் விடவில்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து 8 வருஷமாக ஐசியூவில் வேலை பார்க்கிறேன். போன வருஷம், கனடாவில் நர்ஸ் வேலையில் சேர உதவும் 'பிரிட்ஜிங்' என்ற பயிற்சிக்கு சீட் வாங்கித் தருவதாகச் சொன்ன எங்கள் பக்கத்துக் கன்சல்டன்சி ஒன்றில் 1,60,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். ட்யூட்டிக்குப் போகும்போது அந்த மாடிப்படியில் இன்றும் பிள்ளைகள் ஃபைலோடு ஏறுவதைப் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை.

"சிஸ்டர், பிரிட்ஜிங் புரோகிராம்ல உங்களுக்கு சீட் இருக்கு. ஆறு மாசம் படிச்சா போதும், ஆஸ்பத்திரி வேலை கன்ஃபர்ம்" என்றார் அங்கிருந்தவர். கம்ப்யூட்டரைத் திருப்பி 'காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ' என்ற பக்கத்தைக் காட்டி, "இந்தக் காலேஜ்தான்" என்றார். நம்பிவிட்டேன். அது படிக்கிற காலேஜே இல்லை! நம் ஊர் நர்சிங் கவுன்சில் மாதிரி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு. பேரில் காலேஜ் இருக்கிறது, அவ்வளவுதான். டொரன்டோவில் இருக்கும் என் கிளாஸ்மேட் போனில் இதைச் சொன்னபோது ஐந்து மாதம் போயிருந்தது.

பிரிட்ஜிங் என்பது உண்மையிலேயே நல்ல விஷயம். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் டாக்ஸி ஓட்டாமல், கடையில் நிற்காமல், தங்கள் தொழிலிலேயே சேர்வதற்கான பயிற்சி அது. தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம், அந்த ஊர் நடைமுறை, லைசென்ஸ் தேர்வுக்குத் தயாரிப்பு எல்லாம் இருக்கும். ஒன்டாரியோ அரசே இதற்குப் பணம் ஒதுக்குகிறது. ஆனால் அது பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) போன்ற அந்தஸ்தோடு அங்கே குடியேறியவர்களுக்கு. அதை முடித்தாலும் வேலைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பதிவு பெற்ற நர்ஸ் ஆக என்கிளெக்ஸ் (NCLEX) என்ற லைசென்ஸ் தேர்வில் பாஸாக வேண்டும்.

பணம் போனதைவிட என் சர்டிஃபிகேட்டுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 'வெரிஃபிகேஷன்' என்று ஒரிஜினல்களை வாங்கி இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். சண்டை போட்டு வாங்கியபோது, டிகிரி சர்டிஃபிகேட்டில் முத்திரையின் ஓரத்திலேயே இரண்டு பஞ்ச் ஓட்டை. ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கனடா விசா, பிஆர் வேலையைக் காசு வாங்கிச் செய்துதருபவர் கனடா வக்கீலாகவோ, அந்த நாட்டு லைசென்ஸ் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர் என்றால், அவர்களுக்கு லைசென்ஸ் தரும் கனடா அமைப்பான சிஐசிசி (CICC) பதிவேட்டில் பேரைப் போட்டுத் தேடலாம். வெளிநாட்டு வேலை என்று ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசிடம் பதிந்திருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். நான் இதில் எதையும் பார்க்கவில்லை. நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புகிறது, அங்கேயும் முதலில் கேட்கவில்லை.

வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ரசீதில் 'கவுன்சலிங் சார்ஜ்' என்று மட்டும் இருந்தது, சீட், வேலை என்று ஒரு வார்த்தை இல்லை. இதுவரை 40,000 திரும்ப வந்திருக்கிறது. அடகு வைத்த செயின் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அந்தக் கன்சல்டன்சியில் பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் ஆடியோ எதையும் அழித்துவிடாதீர்கள். "வேலை கன்ஃபர்ம்" என்று அந்தக் கன்சல்டன்சி ஆள் பேசிய ஒரு ஆடியோ என் போனில் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் என் புகாரை எடுத்துக்கொண்டார்கள்.