சதுரக்கால் பிளக்கில் 16 என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்: என் 18,650 ரூபா போன கதை

எங்கள் குசினிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புப் படிந்திருக்கிறது. முந்தாநாள் மத்தியானம் வந்த கருப்பு. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், சூடு கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு மின்சாமான் கடையில் 18,650 ரூபாவைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். கடையின் பெயரைப் போட மாட்டேன். பெயரைப் போட்டு வழக்கு வாங்க என்னிடம் இன்னொரு 18,650 இல்லை.

நான் ஆரையம்பதியில் வீட்டிலிருந்தே இஞ்சிச் சாறும் நெல்லிக் கோடியலும் காய்ச்சிப் போத்தலில் விற்கிறேன். காஸ் கட்டுப்படியாகவில்லை என்பதால் கரண்டுக்கு மாறலாம் என்று நினைத்தேன். லண்டனில் இருக்கும் பெரியம்மா மகன் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர். அங்கே சொந்தப் பாவனைக்கு அது குற்றமில்லை. இங்கே செய்தால் மதுவரிக்காரர் வாசலில் நிற்பார்கள். பெரிய பானைக்குள் எலிமென்ட், அதாவது கரண்டில் சூடாகும் கம்பி, பூட்டிக் கொதிக்க வைக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அவரிடம் கேட்டேன். 40 லீற்றர், 3,000 வாட் எலிமென்ட், கொதி வர ஒன்றேகால் மணித்தியாலம். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர் இழுக்கும்.

அண்ணன் தெளிவாகத்தான் எழுதி அனுப்பினார். “சாதாரணச் சதுரக்கால் பிளக்கை நம்பாத. அது 13 ஆம்பியர்தான், ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில அந்த 13ஐயும் இழுத்தா சூடாகிரும். இங்க கார் சார்ஜ் பண்ணுற வயர்லகூட அந்தப் பிளக்குக்கு 10 ஆம்பியருக்கு மேல விடுறதில்ல. நீல நிறத்துல வட்டமா வாற 16 ஆம்பியர் தொழிற்சாலைப் பிளக்கும் அதைச் செருகுற பேஸும் வாங்கு. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், மூணு கோர், செம்பு.” படமும் போட்டிருந்தார். அந்தப் படத்தோடுதான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “அக்கா, இது பெக்டரிக்குப் பாவிக்கிறது. உங்களுக்கு என்னத்துக்கு? இந்தா, இதுலயும் 16 எண்டுதான் போட்டிருக்கு.” பார்த்தேன், சதுரக்கால் பிளக்கின் முதுகில் 16 என்று பொறித்திருந்தது. அண்ணன் சொன்ன எண் அதுதானே என்று மனம் அடங்கிவிட்டது. அதற்கு மேல் அவர் செய்த ஒரு காரியம்தான் என்னை விழுத்தியது. “பொம்புளப்புள்ள நீங்க, எங்க போய்ப் பூட்டுவீங்க” என்று சொல்லி, தானே மேசையில் வைத்து, வயரைச் சீவி, பிளக்கைப் பூட்டி, வயரை இரண்டு தரம் இழுத்தும் காட்டினார். பூட்டுக்கூலி வேண்டாம் என்றார். “எங்கட வீட்டுலயும் இதத்தான் போட்டிருக்கன்” என்றார். இவ்வளவு நல்ல மனுசன் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேறு சொன்னேன். எலிமென்ட் 8,500, வயர் 6,250, பிளக்கும் பேஸும் 3,900. பில் கேட்டபோது ஒரு துண்டுத் தாளில் “சாமான் 18,650” என்று கிறுக்கித் தந்தார். கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை. அதையும் மடித்துப் பத்திரமாக வைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல.

மூன்றாவது காய்ச்சலில் நாற்றம் வந்தது. இஞ்சி அடிப்பிடிக்கிறதோ என்று பானையைக் கிண்டிக்கொண்டு நிற்கிறேன், சுவர்ப்பக்கம் புகை. மெயினை நிற்பாட்டிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினால் வரவில்லை, பேஸோடு உருகி ஒட்டிவிட்டது. பிரேக்கரும் விழவில்லை, ட்ரிப் சுவிச்சும் விழவில்லை. வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்து பார்த்துத்தான் காரணம் சொன்னார். பிளக் கால் பேஸுக்குள் இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் அந்தத் தொடுகிற இடமே சூடாகும். இழுக்கிற கரண்ட் கூடுவதில்லை, அதனால் பிரேக்கருக்குத் தெரியாது. கரண்ட் எங்கும் ஒழுகுவதுமில்லை, அதனால் ட்ரிப் சுவிச்சுக்கும் தெரியாது. ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதுமாம், 13 ஆம்பியருக்கு 17 வாட் சூடு, அதுவும் விரல்நுனி அளவு இடத்தில்.

பிறகு பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பிளக்கின் காலில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. பித்தளை என்றால் ஒட்டாது. உள்ளே பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பியூஸே இல்லை. வயரைக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். மேசையில் வைத்து என் கண் முன்னாலேயே பூட்டித் தந்தது இதைத்தான். “ஸ்டெயின்லெஸ்” என்று தந்த எலிமென்டும் மூன்று காய்ச்சலில் கறள் பிடித்துவிட்டது. 18,650 ரூபாவில் ஒரு சாமான்கூடச் சொன்ன சாமான் இல்லை. கலியாண வீட்டுக்குப் போக வேண்டிய 60 போத்தல் இஞ்சிச் சாறும் சாக்கடைக்குப் போனது, அந்தக் கணக்கு வேறு.

அன்றே போன் எடுத்தேன். “படம் அனுப்புங்க அக்கா, பாப்பம்.” அனுப்பினேன். பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. திரும்ப எடுத்தால் வேறு குரல்: “முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்.” நேற்றுக் காலை உருகிய பிளக்கைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்வரை என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைக்குப் போனால் கொழும்புக்குப் போன முதலாளி கல்லாவில் இருக்கிறார்! முதலில் “உங்கட வீட்டுக் கரண்ட் பிழை” என்றார். மறுகா “கனநேரம் போட்டிருப்பீங்க” என்றார். எலிமென்ட் வாங்குகிறவர் கனநேரம் போடாமல் பிறகென்ன, அலுமாரியில் வைப்பதற்கா? துண்டுத் தாளைக் காட்டியதும் “இது எங்கட கடைத் தாள்தான் எண்டு எங்க எழுதியிருக்கு?” என்றார். கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: “வீட்டுல ஆம்புள ஆரும் இருந்தா அனுப்புங்க, நான் விளங்கப்படுத்துறன்.” அன்றைக்குப் பொம்புளப்புள்ள என்று பூட்டித் தந்த அதே வாய். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சதுரக்கால் பிளக்குக்கு 13தான் உச்சம், அதில் 16 என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தே பொய். அந்தப் பிளக்கில் இரண்டு கால்களுக்குத்தான் பாதிவரை கருப்பு உறை இருக்க வேண்டும். மேலே உள்ள நீளமான ஏர்த் காலிலும் உறை இருந்தால் கையில்கூட எடுக்காதீர்கள். காந்தம் ஒன்றைக் கைப்பையில் கொண்டு போங்கள். ஏர்த் இல்லாமல், ட்ரிப் சுவிச் இல்லாமல் தண்ணீருக்குள் எலிமென்ட் போடவே போடாதீர்கள். கடைப் பெயரும் திகதியும் உள்ள பில் கையில் வரும்வரை காசைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அதற்கு எடுத்தாலும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள், என்னிடம் இருப்பது கிறுக்கல்.

18,650. நாளைக்குத் திரும்பவும் போகிறேன், அந்தத் தம்பியையும் காந்தத்தையும் கூட்டிக்கொண்டு. சனிக்கிழமை கடையில் சனம் கூடவாம்.