ஏற்காடு ஏறாத 16 கேபி

மாமாவுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். மழைமானி காட்டும் அளவை மணிக்கொரு தரம் ஃபைலில் எழுதிவைக்க சின்னதாக ஒரு சி புரோகிராம் கேட்டார். சேலத்தில் என் லேப்டாப்பில் உபுண்டு 22.04. ஜிசிசி கம்பைலரில் சும்மா கம்பைல் செய்ததில் 16 கேபி வந்தது, ஓடத் தேவையில்லாத பெயர்ப் பட்டியலை உரித்து ஸ்ட்ரிப் செய்ததும் 14 சொச்சம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போனால், அங்கிருந்த பழைய லினக்ஸான டெபியன் 10 பெட்டி ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று கையை விரித்துவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் சி புரோகிராம்கள் நம்பியிருக்கும் பொது லைப்ரரி. “நாலு வரி எழுதறதுக்கு இவ்வளவு பவுசா மாப்ளே?” என்றார் மாமா.

இப்படி லைப்ரரியை வெளியே விட்டுவரும் டைனமிக் பைனரியின் ஒல்லி உடம்பு இரவல்தான். எழுதித்தரும் பிரின்ட்எஃப் இருப்பது நம் ஃபைலில் இல்லை, ஓடப்போகிற மெஷினின் லைப்ரரியில். 2021இல் வந்த 2.34க்கோ அதற்குப் பிந்தியதற்கோ லிங்க் செய்ததைப் பழைய ஜிலிப்சி ஏற்காது. அந்த 16 கேபியிலும் நம் கோட் சொற்பம். மிச்சமெல்லாம் ஹெடர், சிம்பல், 4096 பைட் பக்கக் கணக்குக்காக விட்ட வெற்றிடம். அதனால்தான் கோடைச் சின்னதாக்கச் சொல்லும் ‘மைனஸ் ஓஎஸ்’ (-Os) போட்டும் சைஸ் அசையவில்லை.

சரி, லைப்ரரியையும் ஃபைலுக்குள்ளேயே அடைத்து ஸ்டாட்டிக் செய்வோம் என்றால் 900 கேபிக்குப் பக்கத்தில் போகிறது. பிரின்ட்எஃப் ஒன்றைக் கூப்பிட்டால் மொழி, நாட்டு வழக்கம் பார்க்கும் லொகேல், எழுத்துக் குறியீட்டு மாற்றம் என்று சொந்தபந்தமெல்லாம் பந்திக்கு வந்துவிடும். பைனரியைச் சுருக்கும் யுபிஎக்ஸ் என்ற டூல் அதைப் பாதிக்கும் கீழே அமுக்கும். ஆனால் ஓடும்போது மெமரியில் விரிந்துதான் ஆகவேண்டும். சில ஆன்டிவைரஸ்களுக்கு அதைக் கண்டாலே சந்தேகம் வேறு.

என் ஓட்டு ஜிலிப்சிக்குப் பதிலாகப் போடக்கூடிய மசில் (musl) என்ற சின்ன சி லைப்ரரிக்கு. ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் அதே லைப்ரரி. உபுண்டுவில் மசில்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டு, மசில்-ஜிசிசியில் ‘ஸ்டாட்டிக்’, ஸ்ட்ரிப் செய்யும் ‘எஸ்’ இரண்டும் கொடுத்தேன். 30 கேபியைத் தாண்டவில்லை. மலையில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் அனுப்பிவிடலாம். நிறைய த்ரெட் ஓடும் புரோகிராமில் இதன் மெமரி அலகேட்டர் மந்தம்தான். மழையை எண்ணுகிற புரோகிராமுக்கு அதனால் என்ன?

லைப்ரரியே வேண்டாம் என்றும் கிளம்பலாம். லினக்ஸ் கெர்னலையே நேராகக் கூப்பிடும் சிஸ்கால் போதும்: 64 பிட் இன்டலில் எழுத சிஸ்கால் 1, வெளியேற 60. துண்டுகளைச் சேர்த்து ஃபைலாக்கும் லிங்கரிடம் பக்க இடைவெளியையும் நிறுத்தச் சொன்னால் 1 கேபிக்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஜாலியாகச் செய்து பார்க்கலாம், தோட்டத்து வேலைக்கு வேண்டாம். எண்ணை எழுத்தாக்குவதைக்கூட நாமே எழுத வேண்டும்.

ரவுட்டருக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட பழைய ரவுட்டர் ஒன்றிலும் இதை ஓட்டக் கேட்கிறார் மாமா. அங்கே தீர்ப்பு மாறும். மசில் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், அந்த ரவுட்டருக்கான கம்பைலர் கட்டான எஸ்டிகேயில் டைனமிக்காக கம்பைல் செய்வதுதான் லாபம். ஃபர்ம்வேர் இமேஜோடு சேர்த்துவிட்டால் அதன் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் தானே சுருக்கிவைக்கும், யுபிஎக்ஸுக்கு அங்கே வேலையில்லை.