திருப்புகழ்மாலை: எட்டு வருடம் பயன்படுத்திய பிறகு

திருப்புகழ்மாலை என்பது கத்தோலிக்கர் காலை, மாலை, இரவு என்று வேளைதோறும் சொல்லும் செபங்களின் புத்தகம்; பெரும்பாலும் விவிலியத்தின் திருப்பாடல்கள் (சங்கீதங்கள்). என்னிடம் இருப்பது முதலில் என் சித்தியுடையது. சித்தி கன்னியர் மடத்தில் இருப்பவர். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் பழையதை 2017 தவக்காலத்துக்கு முந்தின வாரம் எனக்குத் தந்துவிட்டார். அட்டை தளர்ந்திருந்தது. உள்ளே இறந்தவர்களின் நினைவுப் படங்கள் நாலைந்து செருகிக் கிடந்தன. மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் விரல் அழுக்கு கறுப்புப் பட்டையாகத் தெரியும். அது இரவுச் செபம் இருக்கும் பகுதி. காலை, மாலைச் செபங்கள் நாலு வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். இரவுச் செபத்துக்கு வாராவாரம் அதே பக்கங்கள்தான். புத்தகத்தைக் கொடுக்கும்போது சித்தி கேட்டது ஒன்றே ஒன்று: "எங்களுக்கு மடத்துல மணி அடிச்சிருவாங்க. உனக்கு யாருல அடிப்பா?"

மொபைலில் அலாரம் வைத்தேன். எட்டு வருடமாக அது அடிக்கிறது. பாதி நாள் நானே அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன். எனவே இதைத் தவறாமல் சொல்லும் ஒரு பக்திமானின் அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நம் ஊரில் இதைக் கட்டளைச் செபம் என்பார்கள். குருக்களுக்கு இது கடமை, மற்ற விசுவாசிகளுக்கு அழைப்பு மட்டும். திருச்சபைச் சட்டம் 1174ஆம் எண் இதைத்தான் சொல்கிறது. ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 100ஆம் எண், பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகள்) குருக்களோடோ தங்களுக்குள் கூடியோ தனியாகவோ இதைச் சொல்லலாம் என்று ஊக்கப்படுத்துகிறது. அதற்கு முன்பு குருக்கள் 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1970 நவம்பர் 1 அன்று ஒப்புதல் தந்த புது அமைப்பில் அது நாலு வாரமாகப் பரவியது. இல்லாவிட்டால் ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஆள் இதன் பக்கத்தில் போயிருக்க முடியாது.

காலைச் செபத்துக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஒரு பாடல், இரண்டு திருப்பாடல்கள், அவற்றுக்கு நடுவே பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பாட்டு, சிறு வாசகம், செக்கரியாவின் பாடல், மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம். மாலையிலும் ஏறக்குறைய இதே சட்டகம்தான், செக்கரியாவுக்குப் பதில் மரியாவின் பாடல். இரவுச் செபம் ஏழு நிமிடம்.

முதல் இரண்டு மாதம் பக்கம் குறிக்கும் ரிப்பன்களோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம். வாரச் சுற்றுக்கு ஒன்று, திருவழிபாட்டுக் காலத்துக்கு ஒன்று, புனிதர்களுக்கு ஒன்று, மாறாத பகுதிகளுக்கு ஒன்று. திருப்பாடல் ஒரு வாரத்திலும் அதற்கு முன்னும் பின்னும் சொல்லும் முன்மொழி இன்னொரு வாரத்திலுமாகச் சொல்லி முடித்த நாட்கள் உண்டு. சித்தியிடம் போனில் கேட்டபோதுதான் கணக்கு தெரிந்தது: பொதுக்காலத்தில் (தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாட்களில்) எத்தனையாவது வாரமோ அதை நாலால் வகுத்தால் மிச்சம் வருவதுதான் சுற்றின் வாரம். 18ஆம் வாரம் என்றால் மிச்சம் 2, இரண்டாம் வாரத்தைத் திருப்ப வேண்டும். மிச்சமில்லாமல் வகுபட்டால் நாலாம் வாரம். இவ்வளவுதான். இதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

வெளியே போகும்போது மொபைல் ஆப். அன்றைக்குரியதை அதுவே கோத்துத் தந்துவிடும், ரிப்பன் தொல்லை இல்லை. ஆனால் ஆப்புக்கு ஊர் தெரியாது. ஆகஸ்ட் 5 எங்கள் தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாள், ஊரே பேராலயத்தில் நிற்கும். ஆப்பைத் திறந்தால் அன்றைக்கு 'விருப்ப நினைவு'. வேண்டுமானால் கொண்டாடலாம், வேண்டாவிட்டால் விடலாம். அம்மாவிடம் காட்டினால் போனைப் பிடுங்கி எறிந்திருப்பாள். அதைவிடப் பெரிய குறை, செபம் பாதியில் இருக்கும்போது கன்டெய்னர் கேட்டுக்குள் போகவில்லை என்று வாட்ஸாப் வந்து விழுவது. வீட்டில் இருந்தால் புத்தகம்தான்.

நாலு வாரச் சுற்றில் இன்னொன்றும் உண்டு. முதல் வார ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பாடல்கள்தான் பெருவிழாக்களுக்கும் விழாக்களுக்கும் வரும். அதனால் திருப்பாடல் 63, தானியேல் நூலின் மூன்று இளைஞர்களின் பாட்டு, திருப்பாடல் 149 மூன்றும் கிட்டத்தட்ட மனப்பாடம். அந்த இளைஞர்கள் நெருப்புச் சூளைக்குள் நின்றுகொண்டு பனியையும் உறைபனியையும் கடுங்குளிரையும் ஆண்டவரை வாழ்த்தக் கூப்பிடுவார்கள். மே மாதம் கரண்ட் போன காலையில், பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, அதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊரின் பாதுகாவலியே பனிமய மாதாதான். அவள் பேரில் இருக்கும் பனியை ஊரில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் கண்டதில்லை.

அம்மாவுக்கு இதில் முதலில் வருத்தம். "ஒரு ஜெபமாலை சொல்லிட்டுப் போவியா, சாமியார் புஸ்தகத்தத் தூக்கிட்டு அலையுத." ஜெபமாலையில் 150 அருள்நிறை மந்திரம் இருந்ததே 150 திருப்பாடல்களுக்கு ஈடாகத்தான் என்று சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் திருப்பாடல்களுக்குப் பதில் சொன்னது அது. 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் என்று இன்னும் ஐந்து பத்துமணிகளைச் சேர்த்ததும் அந்தக் கணக்கு 200 ஆகிவிட்டது. அம்மா கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டும் ஒண்ணுதான், சின்னதச் சொல்லு" என்றாள். அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. குடும்பமாக உட்கார்ந்து சொல்ல ஜெபமாலைக்கு இணையில்லை. சின்னப் பிள்ளைகள்கூடச் சேர்ந்துகொள்ளும். திருப்புகழ்மாலை அப்படியில்லை. என் மனைவி நாலைந்து முறை உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு பேர் மாறிமாறிச் சொல்ல ஒரே புத்தகம் என்பதால் கழுத்து வலிதான் வந்தது.

அப்படியானால் ஏன் விடவில்லை?

2019இல் அப்பாவை ஐசியூவில் வைத்திருந்தோம். வெளியே வராந்தாவில் ஸ்டீல் நாற்காலி. ராத்திரி பத்தரை மணி, வெள்ளிக்கிழமை. பழக்கதோஷத்தில் போனில் இரவுச் செபத்தைத் திறந்தேன். வெள்ளி இரவுக்கு எப்போதும் திருப்பாடல் 88. திருப்பாடல்களிலேயே இருட்டானது இதுதான். மற்றப் புலம்பல்கள் கடைசியிலாவது 'ஆனாலும் நம்புகிறேன்' என்று திரும்பும், இது திரும்பாது. நண்பர்களும் தூரப் போய்விட்டார்கள், இருட்டு ஒன்றுதான் துணை என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அதற்கு முன்பு நூறு வெள்ளியாவது அதைத் தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு வரியாகத்தான் இறங்க முடிந்தது. எனக்கு அந்த நேரத்தில் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. யாராவது வந்து 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அந்தப் பாடல் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அப்பா ஒன்பது நாளில் போய்விட்டார்.

இதில் எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. மறு வருடம் மகள் பிறந்தாள். பிறந்தது வெள்ளிக்கிழமை. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. இரவில் புத்தகத்தைத் திறந்தால் மறுபடியும் அதே 88. இருட்டு, குழி, கைவிடப்பட்டவன். சிரிப்பு வந்தது, பக்கத்தைத் திருப்பி வேறு ஏதாவது சொல்லலாம் என்று விரல் போனது. அப்போது அந்த ஸ்டீல் நாற்காலி ஞாபகம் வந்தது. இன்றைக்கு அதில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் நான் சொன்னபோது தங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்த யார் யாரோ அதே பாட்டைச் சொல்லியிருப்பார்கள். முழுதாகச் சொல்லி முடித்தேன்.

நானாகச் செபித்தால் என் மனநிலையைத்தான் செபிப்பேன். சம்பளம் ஏறினால் நன்றி, மேனேஜர் திட்டினால் புலம்பல். இந்தப் புத்தகத்துக்கு என் மனநிலையைப் பற்றிக் கவலையே இல்லை. நான் துக்கத்தில் இருக்கும் காலையில் கைதட்டச் சொல்லும், கல்யாண வீட்டிலிருந்து வந்த ராத்திரியில் அழச் சொல்லும். ஆரம்பத்தில் பெரிய குறையாகத் தெரிந்தது இதுதான். இப்போது இதற்காகத்தான் வைத்திருக்கிறேன். (மேனேஜர் விஷயத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு: வலியோரை அரியணையிலிருந்து இறக்குவதாக மரியாவின் பாடல் தினமும் மாலை வந்துவிடும்.)

ஒரு விஷயத்தில் ரோமோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் இந்தச் சுற்றில் கிடையாது. சாபங்கள் அதிகம் என்று 1971 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். 137இன் கடைசி வரிகளும் இல்லை. செபிப்பவர்களுக்கு மன உளைச்சல் வரக்கூடாது என்பது காரணம். என் அனுபவத்தில் உளைச்சல் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. சாக்கடைத் தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டோடு சண்டை முற்றிய வாரம், திருவிவிலியத்தை எடுத்து 109ஐத் தனியாகப் படித்தேன். கேட்க வேண்டிய சாபமெல்லாம் எனக்கு முன்பே ஒருவர் கடவுளிடம் கேட்டு வைத்திருந்தார். மறுநாள் சண்டைக்குப் போகவில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: இரவுச் செபத்திலிருந்து தொடங்குங்கள். ரிப்பன் வேண்டாம், வாரக் கணக்கு வேண்டாம். ஏழு இரவு, ஏழு பக்கத் தொகுதி. ஆறு மாதத்தில், தினமும் இரவில் வரும் சிமியோனின் பாடல் புத்தகம் இல்லாமல் வரும். அதன்பிறகு காலையைச் சேர்த்துக்கொள்ளலாம். மாலைச் செபம் சம்பளக்காரர்களுக்குக் கஷ்டம். கப்பலுக்குக் கட்-ஆஃப் இருக்கும் நாளில் ஆறு மணி என்பது கேலண்டரில் மட்டும் இருக்கும் நேரம். பஸ்ஸில் சொல்வேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். விட்டதை இரவில் சேர்த்துச் சொல்லி ஈடுகட்டப் பார்த்து ஒரு வருடம் வீணானது; வங்கிக் கடன் தவணை கட்டுவது போல் ஆகிவிட்டது. நமக்குக் கட்டளை இல்லை. போன வேளை போனதுதான்.

இந்தப் பழைய புத்தகத்தில் வாசகச் செபம் (நீண்ட வாசகங்கள் வரும் வேளை) கிடையாது. அதை ஆப்பில் ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன், அதுவும் விழா நாட்களில் மட்டும். டிசம்பர் 3, சவேரியார் திருநாள். அன்றைக்கு உலகம் முழுக்க வாசிக்கப்படுவது அவர் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதம். முதல் பாதி 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதியது. புதிதாகக் கிறிஸ்தவர்களான ஊர்களுக்குப் போனாராம். வறண்ட பூமி, போர்த்துகீசியர் யாரும் குடியிருக்கவில்லை. பூசை வைக்கவும் மந்திரம் சொல்லித்தரவும் ஆளில்லை, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது மட்டும்தான் அந்த மக்களுக்குத் தெரியுமாம். பிள்ளைகள் ஏதாவது ஒரு செபம் சொல்லித்தரும்வரை அவரைக் கட்டளைச் செபம் சொல்ல விடவில்லை, சாப்பிட விடவில்லை, தூங்கவும் விடவில்லை என்று எழுதுகிறார்.

போன டிசம்பரில் இதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மடியில் மகள், ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எந்த ஊருப் பிள்ளைகன்னு போட்டிருக்கா?"

"ஊர் பேரு போடலம்மா."

"அப்ப மணப்பாடுதான்" என்றாள். அவள் பிறந்த ஊர் மணப்பாடு.